பிறப்பத்தாட்சிப் பத்திரம்: எந்த ஊர் இடாப்பில் எழுதப்பட்டது?

புலம்பெயர் தமிழ்க் குடும்பங்களுக்கு நன்கு பழக்கமான காட்சி ஒன்று உண்டு. திருமணத்தைப் பதிவு செய்ய விரும்பும் இளையவர் இருவர் நகரின் குடிநிலைப் பதிவகத்தில் அமர்ந்திருக்கின்றனர். தாயார் இருபது ஆண்டுகளாக அலுமாரியின் அடித்தட்டில், நகைப்பெட்டிக்கு அருகில் வைத்துக் காத்துவந்த பிறப்பத்தாட்சிப் பத்திரம் மேசைமேல் வைக்கப்படுகின்றது. கிழிந்துவிடக்கூடாது என்பதற்காக இருபுறமும் பிளாஸ்ரிக் தாளிட்டுச் சூட்டில் ஒட்டப்பட்ட பத்திரம் அது. பதிவாளர் புரட்டிப் பார்த்துவிட்டு மரியாதையுடன் திருப்பித் தருகின்றார். பிரதி ஆறு மாதங்களுக்குள் பெறப்பட்டதாக இருக்க வேண்டும். உரிய அதிகாரிகளால் உறுதிப்படுத்தப்பட வேண்டும். பிரெஞ்சு மொழிபெயர்ப்பு இணைக்கப்பட வேண்டும். பிளாஸ்ரிக் தாளின்மேல் எந்த அமைச்சின் முத்திரையும் பதியாது.

சுவிஸ் நாட்டின் யூரா மலைத்தொடரில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 மீற்றர் உயரத்தில் இருக்கும் கடிகார நகரமான லா ஷோ-து-ஃபோனிலும் இதே நடைமுறைதான். இந்நாட்டில் முப்பது ஆண்டுகள் உழைத்து வரி செலுத்திய பெற்றோருக்கு இது அவமதிப்பாகத் தோன்றுவது இயல்பே. "இத்தனை காலமும் எங்களை யாரென்று தெரியாமலா வைத்திருந்தார்கள்?" என்ற கேள்வி பல வீடுகளில் எழுகின்றது. எனினும் இக்கேள்விக்கு விடை உண்டு. அதனை அறிந்துகொண்டால் அலைச்சலில் பாதி குறையும்.

வதிவிட அனுமதி அட்டையை வழங்கும் அலுவலகமும் குடிநிலைப் பதிவகமும் வெவ்வேறானவை. முன்னையது ஒருவர் நாட்டில் தங்கும் உரிமையைப் பார்க்கின்றது. பின்னையது பிறப்பு, திருமணம், பெற்றோர்–பிள்ளை உறவு, இறப்பு ஆகியவற்றை மட்டுமே பார்க்கின்றது. வெளிநாட்டவர் ஒருவர் சுவிஸ் குடிநிலைப் பதிவேட்டில் பொதுவாக முதன்முறை இடம்பெறுவது திருமணம், பிள்ளைப்பேறு, குடியுரிமை போன்ற ஒரு நிகழ்வின்போதுதான். ஆகவே முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவரும் அப்பதிவேட்டுக்குப் புதியவராகவே இருக்கக்கூடும். 2004 யூலை முதல் நடைமுறையில் உள்ள குடிநிலைக் கட்டளைச்சட்டத்தின் 16ஆம் பிரிவே ஆறு மாத விதியைக் கூறுகின்றது. புதிய பத்திரம் பெறுவது இயலாததாகவோ வெளிப்படையாகவே நியாயமற்றதாகவோ இருப்பின், காரணம் காட்டிப் பழைய பத்திரத்தையும் ஏற்கலாம் என்று அதே பிரிவு கூறுகின்றது. முதற்பகுதியைக் கேட்டவுடன் மனமுடைந்து எழுந்துவிடுவதால் இந்த இரண்டாம் பகுதி எம்மவர் பலரின் காதுக்கு எட்டுவதேயில்லை.

புதிய பிரதி வேண்டுமெனில் தாயகத்துக்கு எழுத வேண்டும். எழுதுவது எங்கே என்பதில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகின்றனர். பலர் தமது சொந்த ஊரின் பிரதேச செயலகத்துக்கு உறவினரை அனுப்புகின்றனர். அங்கே பதிவு இல்லை என்ற பதில் வந்ததும் பதிவே அழிந்துவிட்டதாக முடிவு கட்டிவிடுகின்றனர். இலங்கையில் பிறப்பு, பெற்றோர் வாழ்ந்த ஊரில் அன்றி, பிள்ளை பிறந்த இடத்துக்குரிய பதிவாளர் பிரிவிலேயே பதியப்படுகின்றது. விசுவமடுவில் வாழ்ந்த குடும்பத்தின் பிள்ளை யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியில் பிறந்திருந்தால், அப்பிள்ளையின் பெயரை முல்லைத்தீவு மாவட்ட இடாப்புகளில் தேடுவது கிணற்றில் விழுந்த குடத்தைக் குளத்தில் தேடுவது போன்றதாகும்.

இடப்பெயர்வு இச்சிக்கலைப் பன்மடங்காக்கிவிட்டது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் ஓரிரவில் தென்மராட்சி நோக்கி நடந்தனர். பின்னர் அவர்களுட் பலர் கிளாலிக் கடல் கடந்து வன்னி சென்றனர். அந்த மாதங்களில் பிறந்த பிள்ளைகளுக்கு இன்று முப்பது வயது. திருமணம் செய்யும் வயது. அவர்களின் பெற்றோர் "நாங்கள் கோண்டாவில்" என்றே சொல்லுவர். பிள்ளையின் பதிவோ சாவகச்சேரியில் இருக்கலாம், கிளிநொச்சியில் இருக்கலாம், ஒரு பாடசாலைக் கட்டடத்தில் தங்கியிருந்த நாட்களில் அயலூர்ப் பதிவாளர் எழுதிய இடாப்பில் இருக்கலாம். போர்க்காலம் முழுவதும் வன்னியில் கச்சேரிகளும் பிரதேச செயலகங்களும் இடம்மாறியேனும் இயங்கிவந்தன. பதிவாளர்கள் எழுதிக்கொண்டேயிருந்தார்கள். ஆகவே "அந்தக் காலத்தில் பதிவு ஏது" என்று தேடாமலே கைவிடுவது பெரும்பாலும் தவறான முடிவாகும். 2009இல் வவுனியா செட்டிகுளம் முகாம்களில் பிறந்தவர்களும் இதே கணக்கில் சேர்வர். அவர்களின் பிறப்பிடம் வவுனியா மாவட்டமாகும்.

பதிவாளர் எழுதும் பதிவு ஒரே இடத்தில் முடங்கிக் கிடப்பதில்லை என்பதும் அறியத்தக்கது. ஒரு படி பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் இருக்கும். இரண்டாம் படி கொழும்பு மாளிகாவத்தையில் உள்ள பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் மத்திய பதிவறைக்குச் செல்லும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவு நகரைத் துடைத்தழித்தது. அதன் பின்னர் இறுதிப்போர் அதே நிலத்தில் நடந்தது. உள்ளூர் இடாப்பு அழிந்துபோன இடங்களிலும் கொழும்பில் படி எஞ்சியிருக்க வாய்ப்புண்டு. உள்ளூரில் இல்லை என்ற பதில் வந்தால் மாளிகாவத்தையிலும் தேடிய பின்னரே அடுத்த படிக்குச் செல்லுதல் முறையாகும்.

தேடுபவருக்குத் தேவையானவை அதிகமில்லை. பிறந்த ஆண்டும் மாதமும், பிறந்த வைத்தியசாலை அல்லது வீடு இருந்த இடம், தாய் தந்தையின் முழுப்பெயர், இயலுமாயின் பதிவு இலக்கம். பழைய பத்திரத்தின் மங்கிய நிழற்பிரதி ஒன்று கிடைத்தாலும் அதன் தலைப்பகுதியில் மாவட்டம், பதிவாளர் பிரிவு, இலக்கம் ஆகியவை இருக்கும். சுவிஸ் அதிகாரி ஏற்காத அந்தப் பிளாஸ்ரிக் பத்திரமே தேடுதலுக்குத் திறவுகோல் என்பதால் அதனை எக்காரணம் கொண்டும் வீசிவிடக்கூடாது. விண்ணப்பத்தை நேரடியாகக் கொடுக்க இயலாதவர் ஊரில் உள்ள உறவினர் மூலம் கொடுக்கலாம். திணைக்களம் இணையவழி விண்ணப்பத்தையும் ஏற்கின்றது. 2025இன் தொடக்கத்தில், வெளிநாடுகளில் உள்ள சில இலங்கைத் தூதரகங்களின் ஊடாகவே பிரதிகளைப் பெறும் ஏற்பாடும் தொடங்கப்பட்டது. பிரதிக்கான அரச கட்டணம் சிறியது. பணம் கரைவது அதன் பின்னர்தான்: கொழும்பில் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவின் உறுதிப்படுத்தல், மொழிபெயர்ப்பு, தேவைப்படின் சுவிஸ் தூதரகத்தின் ஊடான ஆய்வு. இந்த ஆய்வுக்குப் பல மாதங்கள் செல்லக்கூடும். ஆறு மாத விதி இருப்பதால் பிரதியை மிக முன்னதாக எடுத்து வைப்பதும் பயனற்றது. பதிவு எங்கே இருக்கின்றது என்பதை முன்னதாகவே கண்டுபிடித்து வைத்துக்கொண்டு, பிரதியை வேண்டிய நேரத்தில் கேட்பதே பொருத்தமான வழி. மண்டபம் பேசி, அழைப்பிதழ் அச்சிட்ட பின்னர் இடாப்பைத் தேடத் தொடங்கும் குடும்பங்கள் படும் பாடு சொல்லி மாளாது.

எங்குமே பதிவு இல்லையெனில், இல்லை என்ற பதிலை எழுத்தில் பெறவேண்டும். அந்தக் கடிதம் ஒரு தோல்வியன்று. அடுத்த கட்டத்துக்கான முதற் சான்று அதுவே. இலங்கைச் சட்டப்படி பிறப்பு 42 நாட்களுக்குள் பதியப்பட வேண்டும். மூன்று மாதங்கள் கடந்தால் அது காலங்கடந்த பதிவாகும். அதற்கு வேறு ஆதாரங்கள் தேவை: திருமுழுக்குச் சான்று, பாடசாலை அனுமதி இடாப்பின் பிரதி, சாதகம், விபரம் அறிந்த மூத்தோரின் சத்தியக்கடதாசி போன்றவை.

சாதகத்தைப் பற்றி இங்கே ஒரு சொல். எமது கணிப்பு முறையில் நாள் என்பது சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை. வைத்தியசாலைக் கடிகாரத்தில் நாள் நள்ளிரவில் மாறுகின்றது. அதிகாலை மூன்று மணிக்குப் பிறந்த பிள்ளையின் சாதகத்தில் திங்கட்கிழமையும் பிறப்புப் பதிவில் செவ்வாய்க்கிழமையும் இருக்கக் காண்பது இதனால்தான். இரண்டும் சரியானவையே. ஆனால் வெளிநாட்டு அதிகாரி ஒருவர் இரண்டையும் ஒருங்கே பார்த்தால் ஐயங்கொள்வார். எனவே சாதகத்தை ஆதாரமாகக் கொடுப்பவர்கள் இவ்வேறுபாட்டை மொழிபெயர்ப்பாளர் மூலம் ஒரு வரியில் விளக்கிவிடுவது நல்லது.

பெயர் விடயத்திலும் இத்தகைய இடைவெளி உண்டு. இலங்கைப் பத்திரத்தில் பிள்ளையின் பெயர் ஒரு கூட்டிலும் தந்தையின் பெயர் வேறொரு கூட்டிலும் இருக்கும். குடும்பப்பெயர் என்ற கூடே இல்லை. சுவிஸ் பதிவேட்டுக்கோ குடும்பப்பெயர் இன்றியமையாதது. தந்தையின் பெயர் பிள்ளைக்குக் குடும்பப்பெயராகிவிட, ஒரே வீட்டில் தந்தை, தாய், பிள்ளை மூவரும் மூன்று குடும்பப்பெயர்களுடன் வாழ்கின்றனர். இது பிழையன்று; ஆனால் ஒரே பெயரைக் கடவுச்சீட்டில் ஒருவிதமாகவும், மொழிபெயர்ப்பில் வேறுவிதமாகவும், வதிவிட அட்டையில் மூன்றாம் விதமாகவும் இலத்தீன் எழுத்தில் எழுதுவது பிழையாகிவிடுகின்றது. மொழிபெயர்ப்பாளரிடம் பத்திரத்தை மட்டும் கொடுக்காமல் கடவுச்சீட்டின் பிரதியையும் கொடுத்து, அதிலுள்ள எழுத்துக்கூட்டலையே பின்பற்றும்படி கேட்பவர்கள் பின்னாளில் மாதக்கணக்கில் நேரத்தை மிச்சப்படுத்துகின்றனர்.

இதுவரை கூறியவை தாயக அலுவலகங்களை அணுகக்கூடியவர்களுக்குரியவை. ஏதிலியாக அங்கீகரிக்கப்பட்டவர்களின் நிலை வேறு. தமது நாட்டு அரசின் பாதுகாப்பைத் தாமாகவே மீண்டும் நாடியவராகக் கருதப்பட்டால் ஏதிலி நிலையையே இழக்கும் வாய்ப்புண்டு. ஆகவே ஜெனீவாவில் உள்ள இலங்கைக் கொன்சியூலர் அலுவலகத்துக்குப் பத்திரம் கேட்டுச் செல்லுமுன் அவர்கள் கட்டாயம் சட்ட ஆலோசனை பெறவேண்டும். இத்தகையோருக்காகவே 1951ஆம் ஆண்டின் ஏதிலிகள் உடன்படிக்கையின் 25ஆம் பிரிவு, வழமையாகத் தாய்நாடு தரும் ஆவணங்களைப் பெறப் புகலிட நாடு உதவ வேண்டும் என்று விதிக்கின்றது. சுவிஸ் குடியியற் சட்டக்கோவையின் 41ஆம் பிரிவும் ஒரு கதவைத் திறந்து வைத்துள்ளது. போதிய முயற்சியின் பின்னரும் ஆவணத்தைப் பெற இயலவில்லை அல்லது அதைப் பெறும்படி கேட்பது நியாயமன்று எனில், தரவுகள் பற்றிப் பிணக்கு இல்லாதவிடத்து, மாநில மேற்பார்வை அதிகாரியின் அனுமதியுடன் பதிவாளர் முன்னிலையில் கூற்று அளித்து அவற்றை நிறுவலாம். அனுமதி தானாக வராது, கேட்க வேண்டும். மேற்சொன்ன இல்லை என்ற கடிதங்களும், அனுப்பிய விண்ணப்பங்களின் பிரதிகளும், அஞ்சற் பற்றுச்சீட்டுகளும் இங்கேதான் பேசும். பிணக்கு எழுந்தால் 42ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தை நாடலாம்.

இவற்றைக் காட்டிலும் கடினமான ஒன்று உண்டு. அதனைத் தமிழர் ஒன்றுகூடல்களில் யாரும் உரத்துப் பேசுவதில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் முகவர்கள் கொடுத்த பெயரிலும் முகவர்கள் சொல்லிக்கொடுத்த பிறந்த திகதியிலும் தஞ்சம் கோரியவர்கள் உள்ளனர். உயிரைக் காக்க வந்தவர்களை இன்று அதற்காகக் குற்றஞ்சாட்டுதல் அழகன்று. எனினும் அந்தத் திகதி இப்போது பிள்ளைகளின் வழியில் குறுக்கே நிற்கின்றது. தந்தையின் உண்மையான பிறப்பத்தாட்சிப் பத்திரம் அவரது வதிவிட அட்டையுடன் பொருந்தாது. பொருந்தும் பத்திரமோ இடாப்பில் இல்லாதது. இந்த நெருக்கடியில்தான் "ஒரு கிழமையில் எடுத்துத் தருவோம்" என்று கூறும் இடைத்தரகர்கள் நுழைகின்றனர். கொழும்பில் உள்ள இடாப்புடன் ஒப்பிடும் ஆய்வு நடைபெற்றால் அப்படிப் பெற்ற பத்திரம் நிற்காது. போலி ஆவணம் குற்றவியல் வழக்குக்கு இட்டுச்செல்லும். பொய்த் தரவு கொடுத்துப் பெற்ற குடியுரிமை எட்டு ஆண்டுகள் வரை நீக்கப்படத்தக்கது. உண்மையைச் சொல்லித் திருத்துவதற்கும் விலை உண்டு. அது ஒவ்வொருவரின் அனுமதி வகையையும் பழைய கோப்பையும் பொறுத்தது. ஆகவே பத்திரத்தை மேசையில் வைப்பதற்கு முன்னர் கரித்தாஸ், புரொட்டஸ்தாந்து சமூக நிலையம் போன்றவற்றின் சட்ட ஆலோசனையைப் பெற்றுச் செல்லுதல் அவசியம். பிள்ளைகள் பதிவக மேசையில் இருந்து இதனை முதன்முறை அறிய நேர்வதைக் காட்டிலும், தந்தை வீட்டில் இருந்து சொல்லிவிடுவது நன்று.

வன்னியில் குடியேறிய மலையகக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மற்றொரு சுமையும் உண்டு. இலங்கைப் பிறப்புப் பத்திரத்தில் பாட்டனார் இலங்கையில் பிறந்தவரா என்று கேட்கும் ஒரு கூடும், பூட்டனாரைக் கேட்கும் மற்றொரு கூடும் உள்ளன. குடியுரிமையைத் தந்தைவழிப் பிறப்பில் கட்டிவைத்து மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் மனப்பாங்கு அந்தக் கூடுகளில் அப்படியே தெரிகின்றது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கியது. ஆனால் பழைய பத்திரங்களில் வெறுமையாக விடப்பட்ட அல்லது கோடிடப்பட்ட கூடுகள் வெறுமையாகவே உள்ளன. சுவிஸ் பதிவுக்கு அக்கூடுகள் தேவைப்படுவதில்லை. வெறுமையைக் கண்டு வெட்கி, பிரதி கேட்கவே தயங்குபவர்கள் இதனை அறிந்திருக்க வேண்டும்.

தமிழகத்து முகாம்களில் பிறந்து பின்னர் ஐரோப்பா வந்தவர்களின் பதிவு இந்தியாவின் 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ் அமைந்தது. அதனைப் பிறந்த இடத்துக்குரிய இந்திய உள்ளூராட்சி அலுவலகத்தில் தேட வேண்டும். இலங்கையில் தேடிப் பயனில்லை.

இங்கே பிறக்கும் பிள்ளைகளின் பிறப்பு இங்கேயே பதியப்படுகின்றது. ஆனால் பெற்றோரின் தரவுகள் உறுதிப்படாதவிடத்து அப்பதிவு முழுமை பெறாது இழுபடும். தாயின் பத்திரம் இல்லாமையால் குழந்தையின் பத்திரம் தாமதமாகும் நிலை இதுவே. கருவுற்ற செய்தி வந்தவுடன் தொட்டிலுக்கு முன்னதாகத் தேடவேண்டியது தாயினதும் தந்தையினதும் பதிவு இலக்கங்களையே.

லா ஷோ-து-ஃபோனில் பிறந்தவர்களுள் பிறப்பிடத்தைப் பற்றிப் புனைந்துரைத்த பெரும்புள்ளி ஒருவரும் உண்டு என்பது சற்று ஆறுதலாக இருக்கலாம். பிரெஞ்சு மொழிக் கவிஞர் பிளேஸ் சாந்திரார், தாம் பாரிஸ் நகரின் சென்-ழாக் வீதியில் பிறந்ததாக நெடுங்காலம் கூறிவந்தார். 1887 செப்டெம்பர் 1ஆம் நாள் இம்மலை நகரிலேயே, பிரெடெரிக் சோசே என்ற இயற்பெயருடன் அவர் பிறந்தார் என்பதே உண்மை. அடுத்த மாதம் 6ஆம் நாள் இதே ஊரில் பிறந்த கட்டடக்கலைஞர் லெ கொர்புசியேயும் பிறந்தபோது பெற்ற பெயர் வேறு. அவரது பதிவு சார்ல்-எதுவார் ஜனரே என்ற பெயரிலேயே உள்ளது. உலகறிந்த பெயர்களும் இடாப்பில் எழுதியதை மாற்றவில்லை.

இளையோர் கவனிக்கவேண்டிய மற்றொன்றும் இந்நாட்டு வழக்கில் உண்டு. சுவிஸ் கடவுச்சீட்டில் பிறந்த இடம் எழுதப்படுவதில்லை. பூர்வீக ஊர் என்னும் உரிமை ஊரே எழுதப்படுகின்றது. எம்மவர் சொல்லும் "சொந்த ஊர்" என்பதற்கு மிக நெருங்கிய கருத்து அது. சூரிச்சில் பிறந்து வளர்ந்த சுவிஸ்காரரின் கடவுச்சீட்டிலும் அவரது முன்னோரின் மலைக்கிராமம் ஒன்று பூர்வீக ஊராக இருக்கும். இந்நகரின் ஊடாகக் குடியுரிமை பெறும் தமிழருக்குப் பூர்வீக ஊர் லா ஷோ-து-ஃபோன் ஆகின்றது. அவரது பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அதுவே தொடரக்கூடும். முள்ளியவளையும் மல்லாவியும் நெடுங்கேணியும் அதன்பின் அக்குடும்பத்தின் சுவிஸ் ஆவணங்களில் எஞ்சியிருக்கப்போவது குடிநிலைப் பதிவேட்டின் பிறந்த இடம் என்ற ஒரே வரியில்தான்.

அந்த வரியும் எழுதப்படுவது ஒரு மொழிபெயர்ப்பைப் பார்த்து. கிராமத்தின் பெயரை விட்டு மாவட்டத்தை மட்டும் எழுதிய மொழிபெயர்ப்புகள் உண்டு. வைத்தியசாலையின் பெயரையே ஊராக எழுதியவையும் உண்டு. பதிவேட்டில் ஏறிய பின்னர் வெளிப்படையான எழுத்துப்பிழையை அதிகாரிகள் 43ஆம் பிரிவின்படி தாமே திருத்தலாம். அதற்கு மேற்பட்டதற்கு நீதிமன்றம் செல்ல நேரும். தரவுகளை உறுதிசெய்து கையொப்பமிடும்படி பதிவாளர் தாளை நீட்டும்போது, பெயரையும் திகதியையும் மட்டும் பார்த்துவிட்டுப் பேனையை எடுக்காமல் அந்த வரியையும் எழுத்தெழுத்தாக வாசிக்கலாம். ஐயமிருந்தால் தொலைபேசியில் அம்மம்மாவிடம் கேட்டுச் சொல்கின்றோம் என்று சில நிமிடங்கள் அவகாசம் கேட்கலாம். பிள்ளை எந்த ஆஸ்பத்திரியில், எந்த மழையில், யாருடைய மாட்டுவண்டியில் போய்ப் பிறந்தது என்பது இன்றும் அவருக்கு நினைவிருக்கும்.